அவசர நிறுத்தப் பிரிவு

2023ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சூரியன் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்காமல் காய்ந்துகொண்டிருந்தது. மின்பாதுகாப்பு இயக்ககத்தின் இரண்டாம் மாடியில், 'அவசர நிறுத்தப் பிரிவு' என்று எழுதிய கதவுக்கு வெளியே, ஒரு கால் குட்டையான பெஞ்சில் முட்டையக்கா அமர்ந்திருந்தார். கதவு பூட்டியிருந்தது. அவசரம் பதினொரு மணிக்குத்தான் தொடங்கும் என்று கடைநிலை ஊழியர் தெரிவித்தார்.

முட்டையக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் ஒரு பொரிப்பகம் நடத்திவந்தார். கோழி வளர்ப்போர் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அவற்றை மின்சாரத்தால் சூடேறும் பெட்டியில் மூன்று வாரம் வைத்திருந்து, குஞ்சுகளாகத் திருப்பித் தருவார். ஒப்படைத்த பொருளைவிட உயர்ந்த பொருளைத் திருப்பித் தரும் தொழில்கள் உலகில் மிகச் சில. அத்தொழிலுக்கு வாய்த்த ஒரே எதிரி மின்வெட்டு. கோடைப் பிற்பகல்களில் மின்சாரம் போகும். எப்போது திரும்பும் என்பதை மின்வாரியமும் அறியாது. சென்ற கோடையில் இரண்டு ஈடு முட்டைகள், அதாவது இரு முறை பெட்டி நிறைய வைத்தவை, பெட்டிக்குள்ளேயே குளிர்ந்துபோயின. ஓட்டைக் குத்தும் தறுவாயில் இறந்த குஞ்சுகளை முட்டையக்காவே கொல்லையில் புதைத்தார். இன்னுமோர் ஈடு அவ்வாறு போனால் முட்டை கொண்டுவர ஆள் இருக்காது என்பதை அவர் அறிவார். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அது ஓடிய நேரத்தைவிடப் பழுதுபார்ப்பவர் வீட்டில் தங்கிய நேரம் அதிகம். ஆகவே பொரிப்பகத்துக்கென்று மட்டும் கூரையில் சோலார் பேனல்களும், அவற்றுக்குரிய பேட்டரிகளும் அமைத்தார். எல்லா வேலையும் முடிந்துவிட்டது. இயக்குவதற்கான அனுமதிதான் பாக்கி.

அனுமதிக்கு ஒரு விதி இருந்தது. விதி நல்ல விதி. தீப்பிடித்த வீட்டின் கூரைமேல் ஏறும் தீயணைப்பு வீரர், பேனல்களிலிருந்து வரும் மின்சாரம் தாக்கி இறந்துவிடக் கூடாது. ஆகவே வீட்டு வாசலில் ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். அதைத் திருப்பிய மாத்திரத்தில் கூரையில் ஓடும் வயர்களில் மின்சாரம் அடங்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூட இதை விளக்கிவிடலாம். அதனால்தான் இதற்கெனத் தனிப் பிரிவு தேவைப்பட்டது.

பதினொன்றேகாலுக்கு ஆய்வாளர் வந்தார். கதவு அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகக் காலாவதியான தீயணைப்பான் ஒன்றை அதற்கு முட்டுக்கொடுத்தார். தாள்கள் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு நகர்த்தினார். அலுவல் தொடங்கியது.

"சுவிட்சு வச்சிருக்கீங்களாம்மா?"

"வச்சிருக்கேன் சார். வாசல்லயே இருக்கு. செவப்புக் கலரு."

"திருப்பினா அணையுதா?"

"அணையும்னு சோலார் போட்ட தம்பி சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. அணைஞ்சதை நீங்க பார்த்தீங்களா?"

"எப்படி சார் பார்க்கிறது? இன்னும் ஆன் பண்ணவே இல்லையே."

"ஆன் பண்ணாம, அணையுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அதான் சார். ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துடட்டுமா?"

ஆய்வாளரின் முகத்தில் உண்மையான வேதனை தோன்றியது.

"அனுமதி இல்லாம ஆன் பண்றது குற்றம்மா. தெரியாம கேட்டுட்டீங்க, விடுங்க."

"அப்ப அனுமதி எப்ப சார் கிடைக்கும்?"

"அணையுதுன்னு நிரூபிச்ச அன்னைக்கே. ஒரு நாள் தள்ளிப் போட மாட்டோம். அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கறாரு."

முட்டையக்கா இதனை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எங்கோ தமக்குத்தான் புரியவில்லை என்று முடிவு செய்தார். அலுவலகங்கள் பலவும் இந்த முடிவின்மீதே கட்டப்பட்டிருக்கின்றன.

ஒரு வாரம் கழித்து ஆய்வாளர் நேரில் வந்தார். சோலார் போட்டவரும் வரவழைக்கப்பட்டிருந்தார். அவருக்குத் தலை முன்பக்கம் வழுக்கையாகிவிட்டது. ஆயினும் முட்டையக்காவுக்கு அவர் தம்பி.

வாசல் சுவிட்சின் மேல், தீயணைப்பு வீரருக்கென்று எழுதிய சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஆய்வாளர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"பலகை சரி. பலகை எங்க இருக்குன்னு சொல்ற பலகை எங்க?"

சோலார்க்காரர் முட்டையக்காவைப் பார்த்தார். முட்டையக்கா சோலார்க்காரரைப் பார்த்தார்.

"சார், பலகை சுவிட்சுக்கு மேலயே இருக்கு. கண்ணு முன்னாடி."

"உங்க கண்ணு முன்னாடி, தம்பி. வர்றவன் தீப்பிடிச்ச வீட்டுக்கு வர்றான். பதட்டத்துல இருப்பான். அவனுக்கு யாரு வழி காட்டுவா?"

வழிகாட்டும் பலகை வைக்கப்பட்டது. அடுத்த வருகையில், வழிகாட்டும் பலகை இருப்பதைத் தெருமுனையிலேயே அறிவிக்க ஒன்று தேவைப்பட்டது. அதற்கடுத்து, இவை யாவும் ஒரே சூரிய மின்நிலையத்தைச் சேர்ந்தவை என்று விளக்குவதற்கு ஒன்று. இறுதியில் வாசற்சுவர் முழுவதும் சிவந்துவிட்டது. கடிதங்கள் கொண்டுவருபவர், வீடு கட்சி அலுவலகமாகிவிட்டதோ என்று விசாரித்தார். அதன்பின் ஆய்வாளர் மீண்டும் வந்து, சுவிட்சு கண்ணில் படவில்லை என்று குறை எழுதினார். பலகைகளை எடுத்துவிடலாமா என்று முட்டையக்கா கேட்டார். அங்கீகரிக்கப்பட்ட பலகையை அகற்றுவது குற்றம் என்று அறிந்துகொண்டார்.

கூரை ஆய்வு இதனினும் நுட்பமாக நடந்தது. ஆய்வாளர் ஒரு பேனலின் பின்புறத்தில் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்து, பின்வாங்கினார்.

"இதுல காட்டுதே!"

"பேனலுக்குள்ள இருக்கிறது சார். வெயில் பட்டா காட்டத்தான் செய்யும். சுவிட்சு ஆஃப்ல இருந்தா வயர்ல வராது."

"வயரைப் பத்தி நான் கேக்கலை. மின்சாரம் உற்பத்தியாகிற இடத்தை நிறுத்த என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க?"

"அது சூரியன் சார்."

ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது. நெற்றியில் கைவைத்து இன்னொரு முறை பார்த்தார். பார்க்காமல் எழுதினார் என்ற பழிக்கு ஆளாக அவர் விரும்பவில்லை. பிறகு குறிப்பெழுதினார்: 'உற்பத்தியிடம் விண்ணப்பதாரரின் கட்டுப்பாட்டில் இல்லை.'

பத்து நாளில் கடிதம் வந்தது. உற்பத்தியிடத்தின் உரிமையாளரிடமிருந்து தடையில்லாச் சான்று பெற்று இணைக்குமாறு அதில் கேட்டிருந்தார்கள்.

முட்டையக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் இருப்பார். இருக்கும் நாளில் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

"சாயந்தரம் ஆறு மணிக்கு மேல போய்க் கேளு. பகல்ல அவரு பிஸியா இருப்பாரு."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. பெட்டியில புது ஈடு வச்சிருக்கேன்."

"நான் விளையாடலம்மா. மேற்க போனா வீட்டிலேயே பிடிச்சுடலாம்னு சொல்றேன்."

வழி காட்டியவர் அலுவலகக் கடைநிலை ஊழியர்தான். இத்தகைய குறைகளுக்கெல்லாம் உறுதிமொழி ஏற்கப்படும் என்று அவர் காதோடு சொன்னார். முட்டையக்கா முறைப்படி உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்: மேற்படி சூரியன் நாள்தோறும் மாலையில் மறையும்; என்றேனும் மறையத் தவறினால் அச்செய்தியை உடனடியாக இயக்ககத்துக்குத் தெரிவிப்பேன். ஆய்வாளர் அதைப் படித்து நிறைவடைந்தார். "இப்பதான் நீங்க பொறுப்பான நுகர்வோர் மாதிரி பேசுறீங்க" என்றார்.

ஆயினும் அனுமதி வரவில்லை, முத்திரை வந்தது. அனுமதி நிலுவையில் இருக்கும்போது எவரும் தவறுதலாக நிலையத்தை இயக்கிவிடக் கூடாது என்பதால், வாசல் சுவிட்சை நிறுத்தப்பட்ட நிலையில் முத்திரையிட இயக்ககம் தீர்மானித்தது. அதற்குத் தனி அலுவலர் உண்டு. அவர் ஈயக் குண்டுகளும் கம்பிச் சுருளும் குறடும் கொண்ட தோற்பையுடன் ஒரு காலையில் இறங்கினார். முத்திரையிடும்போது நுகர்வோர் அருகில் நிற்கக் கூடாது என்று முட்டையக்காவை உள்ளே அனுப்பினார். பலகைகளுக்கிடையே கையை நுழைத்துச் சுவிட்சைத் தேடிப் பிடித்தார்.

முத்திரைக் கம்பியின் நீளம் விதியில் வரையறுக்கப்பட்டிருந்தது. வரையறுத்தவர் வேறொரு சுவிட்சை மனத்தில் வைத்திருந்தார் போலும். கைப்பிடியின் துளைக்கும் பெட்டியின் துளைக்கும் இடையே கம்பி எட்டவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது. நீளமான கம்பியைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. கைப்பிடியைத் திருப்பக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆகவே கம்பி எட்டும்வரை கைப்பிடியைத் திருப்பினார். கம்பி எட்டியது. ஈயக் குண்டை நசுக்கி, அரசுச் சின்னத்தைப் பதித்து, 'நிறுத்தப்பட்ட நிலையில் முத்திரையிடப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். உள்ளே ஏதோ உறுமத் தொடங்கியது அவர் காதில் விழுந்தது. கோழி தொடர்பான ஒலி என்று கருதி விடைபெற்றார்.

முத்திரையிட்ட மறுநாள் பிற்பகல் மின்சாரம் போயிற்று. தெருவெங்கும் மின்விசிறிகள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டு நின்றன. முட்டையக்கா போர்வைகளை வாரிக்கொண்டு பொரிப்பகத்துக்கு ஓடினார். ஓட்டுநர் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்துடன் பின்னால் வந்தார். பெட்டியைச் சூடாக வைத்திருக்க அவர்கள் கற்றுவைத்திருந்த முறை அதுதான்; சென்ற இரண்டு முறையும் அது பலிக்கவில்லை.

பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிறுவிசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"கரண்டு போகலையா?" என்றார் ஓட்டுநர்.

"போயிடுச்சே. தெருவே கத்துது, கேக்கலை?"

"அப்ப இது எப்படி எரியுது?"

இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"உன் முட்டைங்களே பொறுக்க முடியாம சேர்ந்து கரண்டு எடுக்குதோ என்னமோ" என்றார் அவர்.

சோலார்க்காரர் வந்து, பலகைகளுக்கிடையே முகத்தை நுழைத்துப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, பூட்டுப் போட வந்தவங்க கதவைத் தொறந்து விட்டுட்டு, தொறந்த கதவுக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க. ஆன்ல வச்சு சீல் அடிச்சிருக்கு!"

"அப்ப இதை அணைக்க முடியாதா?"

"சீலை உடைக்கணும். உடைச்சா உள்ள தூக்கி வச்சுடுவாங்க."

"தீகீ பிடிச்சா?"

சோலார்க்காரரின் சிரிப்பு நின்றது. "மேல வயரெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கேன் அக்கா. ஒண்ணும் ஆகாது. ஆனா ஏதாவது ஆச்சுன்னா, வாசல்ல இருந்து நிறுத்த வழியில்ல. அதான் விஷயம்."

"இதைப் போய் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று முட்டையக்கா எழுந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஓட்டுநர். "கும்பிடப் போன சாமி குறுக்க வந்து நிக்குது, அதைப் போய் வழி மாறி வந்துட்டேன்னு திருப்பி அனுப்பறியே! காசு கொடுத்துச் சூனியம் வச்சுக்காத."

"அந்த வயரு, நீங்க மத்தியானம் படுத்துக் குறட்டை விடுற ரூமுக்கு மேலதான் போகுது."

ஓட்டுநர் மேற்கூரையை ஒருமுறை பார்த்தார்.

"சரி, போய்ச் சொல்லு." சற்று நேரம் கழித்து, "குஞ்சு வெளிய வந்த மறுநாள் போய்ச் சொல்லு" என்று சேர்த்தார். "இப்பச் சொன்னா வந்து வயரை வெட்டிட்டுப் போவானுங்க. இந்த ஈடும் போச்சுன்னா நீ தாங்க மாட்ட."

அது நியாயமாகப் பட்டது. முட்டையக்கா காத்திருந்தார், ஓட்டுநர் பிற்பகல் உறக்கத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் இயக்ககம் காத்திருக்கவில்லை. பொரிவதற்குரிய நாளுக்கு முந்திய நாள், கையெட்டுச் சோதனைக்காக ஆய்வாளர் ஒரு தீயணைப்பு வீரரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சராசரி உயரமுள்ள வீரர் ஒருவரின் கைக்கு அந்தச் சுவிட்சு எட்டுகிறதா என்று பார்ப்பது சோதனையின் நோக்கம். சராசரி உயரமுள்ளவர் விடுப்பில் இருந்தமையால், மிக உயரமான ஒருவர் வந்திருந்தார்.

ஆய்வாளர் முதலில் பொரிப்பகத்துக்குள் நுழைந்து பெட்டியின் கதவுப் பிடியில் கைவைத்தார். முட்டையக்கா குறுக்கே வந்து நின்றார்.

"தொறக்காதீங்க சார். கடைசி மூணு நாள் பெட்டியைத் தொறக்கவே கூடாது."

"ஏன்?"

"உள்ள இருக்கிற ஈரம் போயிடும். முட்டைத் தோலு காய்ஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும். அது வெளிய வர முடியாம உள்ளயே செத்துப்போயிடும்."

"இது எந்த விதியில இருக்கு?"

"முட்டையில இருக்கு சார்."

வெளியிலிருந்து தீயணைப்பு வீரரின் குரல் வந்தது. "சார், கொஞ்சம் இங்க வாங்க. இது ஆன்ல இருக்கு."

ஆய்வாளர் வெளியே வந்தார். சுவிட்சைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார். "இருக்க முடியாது. 'நிறுத்தப்பட்ட நிலையில் முத்திரையிடப்பட்டது.' கையெழுத்து இருக்கு."

"கைப்பிடி ஆன்ல நிக்குது சார். மீட்டர் வேற ஓடுது, பாருங்க."

"மீட்டர் என் பிரிவு இல்லை."

"நாளைக்கு இந்த வீடு எரிஞ்சா மேல ஏறப்போறவன் நான் சார்."

"ஏறுங்க. தாராளமா ஏறுங்க. பதிவுப்படி இது நிறுத்தப்பட்ட கூரை."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்க முன்னால ஏறி அந்த வயரைக் கையால பிடிச்சுக் காட்டுங்க. நான் பின்னாடியே வர்றேன்."

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குக் கையெட்டுச் சோதனை மட்டும்தான். எட்டுதா, இல்லையா? அதை எழுதுங்க."

தீயணைப்பு வீரர் எழுதினார்: 'எட்டுகிறது. திருப்ப முடியவில்லை. உள்ளே மின்சாரம் ஓடுகிறது.' எழுதியதன் ஒரு படியைத் தம் துறைக்கும் அனுப்பிவிட்டார். வேறு துறைக்குத் தெரிந்துவிட்ட உண்மையை எந்தப் பிரிவாலும் புறக்கணிக்க முடியாது. மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தேவைப்படின் கூரையின் வயர்கள் அன்றே வெட்டப்படும் என்று முட்டையக்காவுக்கு வந்த அழைப்பில் இருந்தது. பராமரிப்புப் பணிக்காக அன்று காலை முதல் மாலை வரை நகரெங்கும் மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முன்பே அறிவித்திருந்தது. முட்டைகள் பொரிய வேண்டிய நாளும் அதுவே.

இயக்குநர் அறையில் மின்விசிறி நின்றிருந்தது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. முத்திரை அலுவலர் தோற்பையை மடியில் வைத்திருந்தார். ஆய்வாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வீரர் சுவரோரமாக நின்றார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. முட்டையக்கா கைப்பேசியை இறுகப் பிடித்திருந்தார்.

இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே! இந்தப் பிரிவு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் அனுமதி பெற்ற கூரைகளில் ஒன்றிலாவது, ஒரே ஒரு நாளாவது, விபத்து நேர்ந்ததுண்டா? இல்லை. எப்படி இதைச் சாதித்தோம்? இதுவரை நாம் எந்தக் கூரைக்கும் அனுமதி அளிக்கவில்லை. வேறு நாட்டவர்கள் ஓடும் மின்சாரத்தை நிறுத்தக் கற்றார்கள். நாம் அதை ஓடாமலே நிறுத்தினோம். மக்கள் என்னிடம் கேட்கிறார்கள்: ஐயா, மின்சாரம் எப்போது வரும்? நான் திருப்பிக் கேட்கிறேன்: வராத மின்சாரம் யாரையாவது கொன்றதுண்டா? இத்தகைய தூய வரலாற்றில், கேவலம் ஒரு கோழிமுட்டையால் களங்கம் வந்திருக்கிறது. அந்த வயரை இன்றே, இப்போதே வெட்டி எறியுங்கள்!"

ஆய்வாளர் கைதட்டினார். முத்திரை அலுவலரும் தட்டினார்.

முட்டையக்காவின் கைப்பேசி ஒலித்தது. ஓட்டுநர் அடித்தொண்டையில் பேசினார்: "இந்தா, ஓட்டுல விரிசல் விட்டுடுச்சு! ஒண்ணு மூக்கை நீட்டுது. ஐயோ, பக்கத்துலயும் குத்துது. தொறந்து கொஞ்சம் கைகொடுக்கட்டுமா?"

"தொறக்காதீங்க!" என்று முட்டையக்கா அலறினார். "யாரும் எதையும் தொறக்கக் கூடாது!"

அறை திடுக்கிட்டது. முத்திரை அலுவலர் தோற்பையை மூடினார்.

முட்டையக்கா எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கோங்க ஐயா. வீட்டுல குஞ்சு பொரியுது. ஊர்ல எங்கயும் கரண்டு இல்ல. இப்ப வெட்டினா அத்தனையும் பாதி ஓட்டுலயே செத்துடும். இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. நாளைக்கு நீங்களே வந்து அந்தச் சீலை எடுத்துட்டு, திருப்பினா அணையுற மாதிரி பண்ணிக் கொடுங்க. எப்ப வேணாலும் அணைக்கலாம்னு தெரிஞ்சாத்தானே ஐயா எரிய விட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம்?"

"அவ்வளவுதான் சார் விதியே" என்றார் தீயணைப்பு வீரர்.

இயக்குநர் அவர்கள் இருவரையும் பரிவோடு பார்த்தார். விதியின் பொருளை நேரடியாகப் புரிந்துகொண்டவர்கள்மேல் அவருக்கு எப்போதும் இரக்கம் உண்டு.

"வெட்டும் ஆணையை எழுதுங்கள்" என்றார் ஆய்வாளரிடம்.

ஆய்வாளர் எழுதுகோலைத் திறந்தார், தயங்கினார். "சார், வெட்டணும்னா காரணம் எழுதணும்."

"ஓடுகிறது என்று எழுதும்."

"ஓடுதுன்னு எழுதினா, 'நிறுத்தப்பட்ட நிலையில்'னு இவரு எழுதினது தப்புன்னு ஆயிடும்." முத்திரை அலுவலர் தலையைக் குனிந்தார்.

"தவறு செய்தவர் தண்டனை பெறத்தான் வேண்டும்."

"அதுக்குக் கீழ நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"உமக்கும்தான்!"

"அதுக்குக் கீழ..." ஆய்வாளர் கோப்பை மரியாதையுடன் திருப்பிவைத்தார்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். பச்சை மையில், சுழித்து, கோடிட்டு, தமக்கே உரிய அழகுடன் அவருடைய கையொப்பம் அங்கே இருந்தது. அவர் நீண்ட நேரம் அதனை வாசித்தார். பிறகு அமர்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விண்ணப்பதாரர் பேசியதில் 'எரிய விட்டுட்டு' என்று ஒரு சொல் வந்ததே, அதைக் குறிப்பில் எழுதிவிட்டீரா?"

"எழுதிட்டேன் சார்."

"அடித்துவிடும்." அவர் குரல் கனிந்தது. "விண்ணப்பதாரர் வெளியே காத்திருக்கட்டும். நாம் சட்ட நிலையை ஆராய வேண்டியிருக்கிறது."

ஆராய்ச்சி பிற்பகல்வரை நடந்தது. முட்டையக்கா அந்தக் குட்டைக்கால் பெஞ்சில் அமர்ந்திருந்தார். தீயணைப்பு வீரரும் பக்கத்தில் அமர்ந்தார். பெஞ்சு அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"எத்தனை வந்துச்சாம்?"

"எண்ண முடியலையாம். ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து கெடக்குதாம்."

"பொழைச்சுக்கிச்சா?"

"இதுவரைக்கும் பொழைச்சிருக்கு. உள்ள என்ன சொல்லப் போறாங்களோ."

"வெட்ட மாட்டாங்கம்மா" என்றார் அவர். "அதை நெனச்சுத்தான் எனக்குப் பயமா இருக்கு."

தட்டச்சு செய்ய மின்சாரம் இல்லாததால், ஆய்வாளர் சன்னலோரம் மேசையை நகர்த்தி, வெயில் வெளிச்சத்தில் ஆணையைக் கையால் எழுதினார். இயக்குநர் வரிவரியாகத் திருத்தினார். நான்கு மணிக்குக் கதவு திறந்தது. ஆய்வாளர் வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி வாசித்தார்:

"மேற்படி கூரை நிலையம், முத்திரையிடப்பட்ட நாள்முதல் நிறுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளதெனக் கருதப்படும். அதில் மின்சாரம் ஓடுவதாகச் சிலருக்குத் தோன்றுவது தோற்றம் மாத்திரமே. ஓடாத மின்சாரத்தை வெட்ட வேண்டிய தேவை எழவில்லை. இயக்க அனுமதி கோரும் விண்ணப்பம், நிலையம் நிறுத்தப்பட்டிருப்பதால், தள்ளுபடி செய்யப்படுகிறது. முத்திரை நிரந்தரமானது. ஏற்கெனவே நிறுத்தப்பட்டுள்ள இந்நிலையத்தை விண்ணப்பதாரரோ, தீயணைப்புத் துறையினரோ, பிறர் எவருமோ மீண்டும் நிறுத்த முயல்வது தண்டனைக்குரிய குற்றமாகும்."

தீயணைப்பு வீரர் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"அப்ப இன்னைக்கு வெட்ட மாட்டீங்களா சார்?"

"என்னைக்குமே வெட்ட மாட்டோம்."

கைப்பேசிக்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்ற கூச்சல் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் தம் கைப்பேசியைப் பெட்டியின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தார் போலும். முட்டையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆணையைப் பார்த்தார்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு நெசமாவே தீப்பிடிச்சா என்ன செய்யறது?"

ஆய்வாளர் புன்னகை செய்தார். பல வாரங்களுக்குப் பின் அவர் மனம் லேசாகியிருந்தது.

"பிடிக்காதும்மா. பாருங்க, மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்று சொல்லி, மை காய்வதற்காகத் தாளை ஒருமுறை வெயிலில் காட்டிவிட்டு, இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.